முத்தாண்டிக்குப்பம் வரை போனவள்

நெய்வேலியில் டிரையத்லான் நடத்துகிறேன் என்று சொன்னால், "அப்படின்னா என்னங்க?" என்று கேட்பார்கள். முதலில் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள் ஓட்ட வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்: "எதுக்கு?"  என் மனைவியும் அதையேதான் கேட்கிறாள். அவள் கேட்கிற தொனி மட்டும் வேறு.

எனக்கு வேலை நிலக்கரிச் சுரங்கத்தின் பணிமனையில், ஜெனரல் ஷிஃப்ட். நாற்பது தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் எதையும் அளவோடு செய்கிற ஆள் இல்லை. நடை ஓட்டமாகி, ஓட்டத்தோடு சைக்கிளும் சேர்ந்து, ஒரு நாள் புதுச்சேரியில் யாரோ நடத்திய டிரையத்லானில் போய் நின்றேன். கடைசியாக வந்தேன். நான் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூங்கில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டே எனக்காக ஒதுங்கி வழிவிட்டார். ஓடுவதைவிட ஓட வைப்பது சுலபம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

முதல் வருஷம் ஒரு குழு போட்டோம். அதில் ஓய்வு பெற்ற தொழிற்சங்கக்காரர் ஒருவரும் இருந்தார். அவரைச் சேர்க்காமல் எங்கள் டவுன்ஷிப்பில் பிள்ளையார் கோயில் சுண்டல்கூட விநியோகிக்க முடியாது. டிரையத்லான் என்றால் என்னவென்று முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"நீஞ்சறதுக்கு ஒரு ஆளு, மிதிக்கறதுக்கு ஒரு ஆளு, ஓடறதுக்கு ஒரு ஆளு. மூணு ஆள் வேலைய ஒரே ஆள வெச்சு முடிக்கப் பாக்கறீங்க. இத வெளையாட்டுன்னு சொல்லி இப்ப பழக்கிட்டீங்கன்னா நாளைக்கு மைன்ஸ்லயும் கேப்பான். நான் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டன்."

அவர் கையெழுத்து எதற்கும் தேவைப்படவில்லை. ஆனாலும் அவரை டிபன் கமிட்டிக்குத் தலைவராக்கினேன். அதன் பிறகு கொள்கைப் பேச்சு குறைந்தது, பொங்கலில் மிளகும் நெய்யும் கூடின.

அந்த வருஷம் வந்தவர்களில் பாதிப் பேர் என் டிபார்ட்மென்ட் ஆட்கள். நீச்சல்குளத்தில் தலையை நீருக்கு மேலே வைத்துக்கொண்டு, பக்கத்து லேனில் வருபவரிடம் பிரமோஷன் பற்றிப் பேசிக்கொண்டே நீந்தினார்கள். ஒருவர் முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் வந்தார். அவர் வீட்டில் திரும்பி வரும்போது கீரை வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள், வாங்கியும் வந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டி எடுத்து வந்திருந்தார். மெடலுக்குப் பதிலாக குறிஞ்சிப்பாடி கைத்தறித் துண்டு போர்த்தினோம். முடித்தவர்கள் அதிலேயே முகம் துடைத்து, தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மெடலை வைத்து என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அந்தத் துண்டுதான் எங்களைத் தூக்கிவிட்டது என்று நினைக்கிறேன். சென்னைக்காரர்கள் அதைத் தோளில் போட்டுப் படம் எடுத்துப் போட்டார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு புதுச்சேரி, சென்னை, கோயம்புத்தூர் என்று வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சைக்கிளும் என் ஸ்கூட்டரைவிட விலை அதிகம். எங்கள் ரோடுகளையும் மரங்களையும் பார்த்து, "இங்க டிராஃபிக்கே இல்லையா சார்?" என்று வாயைப் பிளந்தார்கள். ஷிஃப்ட் மாறும்போது மட்டும் உண்டு என்பேன். ரேஸுக்கு நேரம் குறிப்பதற்கு நான் பஞ்சாங்கம் பார்த்ததில்லை. ஷிஃப்ட் பஸ் போய்விட்டதா என்று மட்டும் பார்ப்பேன்.

இப்படி வளர்ந்து வளர்ந்து, போன வருஷம் மாநிலச் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. இந்த முறை நெய்வேலி ரேஸ் தேர்வுப் போட்டியாகவும் இருக்கும், நீண்ட தூரப் பிரிவில் முதலாக வரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாநில அணியில் இடம் என்றார்கள். நான் புதுச் சட்டை எடுத்தேன்.

என்னைவிட அதிகமாக அந்தத் தகவலுக்குக் காத்திருந்தவள் ஒருத்தி இருந்தாள். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் ஆயாம்மாவாக வேலை பார்த்தாள். அந்தப் பள்ளியில்தான் என் மகள் படிக்கிறாள். சின்னப் பிள்ளைகளை வேனிலிருந்து இறக்குவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, டிபன் டப்பா மூடியைத் திறந்து கொடுப்பது இதெல்லாம் அவள் வேலை. படித்தது உடற்கல்வி. பட்டம் வாங்கியவள். அப்பாவும் அம்மாவும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பை நம்பி பி.டி. டீச்சர் வேலைக்கு மனு போட்டாள். தாளாளர் அவளை ஆயாம்மா வேலையில் சேர்த்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்பது மூன்று வருஷமாக ஓடியது. கடைசியில் பழைய பி.டி. மாஸ்டர் ஓய்வு பெறும் நேரம் வந்ததும் தாளாளர் அவளைக் கூப்பிட்டு, "ஸ்டேட் டீம்ல ஆடினதுக்கு ஒரு சர்டிஃபிகேட் கொண்டாம்மா. ஜூன்ல உன்னையே போட்டுடறேன்" என்று சொல்லியிருக்கிறார். மாநில வீராங்கனை பயிற்சி தருகிறார் என்று பள்ளி வாசலில் பேனர் கட்டலாம் என்பது அவர் கணக்கு. எந்த விளையாட்டு என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ரேஸ் செய்தியைக் கேட்டதும், மகளை விட வந்த என்னிடம் அவள் வாசலிலேயே கேட்டாள்.

"சார், பொம்பளைங்கள்ல ஃபர்ஸ்ட் வந்தா ஸ்டேட் டீம்தான? அப்பறம் ஏமாத்த மாட்டாங்களே?"

என் பழைய ரேஸ் சைக்கிளைக் கொடுத்தேன். நான் சொல்லிக்கொடுக்க அவளுக்கு ஒன்றும் பாக்கி இருக்கவில்லை. விடியற்காலையில் ஓட்டிவிட்டு, குளித்துவிட்டு, முதல் வேன் வரும்போது பள்ளி வாசலில் நிற்பாள். வாய் கொஞ்சம் அதிகம். சைக்கிள் பிரேக் கட்டை தேய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஓட்டறதுக்குக் குடுத்தீங்களா, சாவறதுக்குக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். மறுநாளே புதுக் கட்டை மாட்டிக் கொடுத்தேன்.

அவள் கணவன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி போகிற பெல்ட் பக்கம் வேலை, மாறி மாறி ஷிஃப்ட். சாதுவான ஆள். வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டியதையும் அவளே பேசிவிடுவதால் அவனுக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. அவன் சொல்லி அவள் எதையும் கேட்டதாக ஊரில் யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை. அவனே அதைச் சிரித்துக்கொண்டு சொல்வான்.

இனி ரேஸ் நாளுக்கு வருகிறேன். அன்றைக்கு இரண்டு ரேஸ். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைந்த தூரம். அவர்கள் முதலில் கிளம்புவார்கள், சைக்கிளில் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்ப வேண்டும். நீண்ட தூரக்காரர்கள் பின்னால் கிளம்புவார்கள். அவர்கள் பங்க்கைத் தாண்டி நேராகப் போய், முத்தாண்டிக்குப்பத்தில் திரும்ப வேண்டும். பங்க் அருகே ஒரு ஆள் நின்று, மஞ்சள் நம்பர் கட்டிய பிள்ளைகளைத் திருப்பிவிட்டு, வெள்ளை நம்பர்காரர்களை நேராக விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் நாள் மீட்டிங் போட்டு, சாக்பீஸால் தரையில் படம் போட்டு, எல்லாருக்கும் விளக்கினேன். பங்க்கில் நிற்க வேண்டியவன் என் செக்‌ஷன் ஆள். விளக்கியதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அட்சரம் பிசகாமல் சொன்னான்.

நான் மறந்தது எங்கள் ஊரின் ரத்தத்தில் ஊறின ஒரு பழக்கத்தை. மைன்ஸில் அடுத்த ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிட வரும் ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். அதே போல, ரிலீவர் வந்துவிட்டால் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒரு வார்த்தையில் சொல்லிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். எங்கே நின்றாலும் அது ஒரு ட்யூட்டி, ட்யூட்டி என்றால் அதற்கு ஒரு ரிலீவர் உண்டு. பங்க்கில் நின்றவன் யாரிடமும் சொல்லாமல் தனக்கு ஒரு ரிலீவரை ஏற்பாடு செய்திருந்தான். அந்த ரிலீவர் அவள் கணவன். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக அங்கே போய் நின்றான். நைட்டில் இருந்ததால் என் மீட்டிங்குக்கு வந்திருக்கவில்லை. அவன் கேட்டு வாங்கிய ட்யூட்டி அது. பந்தலில் நின்றால் பெண்டாட்டி வருவதும் போவதும் கூட்டத்தில் தெரியாது, பங்க்கில் நின்றால் அவள் பறந்து போவதை நன்றாகப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறான்.

அவன் வந்த நேரத்தில் பிள்ளைகள் ரேஸ் முடிகிற கட்டம். முதல் ஆள் பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி இவன் மேல் மாட்டி, "எல்லாரையும் திருப்பி வுட்டுகினே இரு. எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கமாக யாரும் ட்யூட்டி ஒப்படைத்தது கிடையாது.

நான் பந்தலில் மைக்கோடு நின்றிருந்தேன். நீச்சல் முடிந்து நீண்ட தூரக்காரர்கள் சைக்கிளில் போனார்கள். பெண்களில் சென்னைப் பெண் ஒருத்தி முதலில் போனாள், ஆயாம்மா சற்றுப் பின்னால் போனாள். நீச்சலில் பின்தங்கினாலும் சைக்கிளில் பிடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முதல் ஆள் சைக்கிளில் திரும்பி வந்துவிட்டான். பிறகு அடுத்தவன், பிறகு ஒரு கூட்டமே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, "தமிழ்நாட்டிலேயே வேகமான ரோடு நம்ம நெய்வேலி ரோடு, சாதனை நேரம் பதிவாகிக்கொண்டிருக்கிறது" என்று முழங்கினேன். ஜனங்கள் கைதட்டினார்கள். தொழிற்சங்கக்காரர் பொங்கல் கரண்டியோடு வெளியே வந்து கைதட்டினார்.

அப்போது முத்தாண்டிக்குப்பத்தில் நின்ற ஆள் போன் செய்தான்.

"சார், இங்க ஒரே ஒரு பொண்ணு வந்துது. வந்த வேகத்துல திரும்பிப் போயிடுச்சு. மத்தவங்கள்லாம் எப்ப சார் வுடுவீங்க? வெயில் ஏறுது."

 மைக்கை மெதுவாகக் கீழே வைத்தேன்.

அவள் சைக்கிளை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்தபோது மற்ற பெண்கள் ஓடி முடித்துத் துண்டு போர்த்தியிருந்தார்கள். சிலர் பொங்கல் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஓடி முடித்து நேராக என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"பங்க்கத் தாண்டினப்பறம் முன்னால போனவங்க ஒருத்தரையும் நான் எதிர்ல பாக்கவே இல்ல சார். போனவங்க திரும்பி வரணும்ல? பங்க்குல எங்க வூட்டுக்காரரு நின்னுகினு கைய ஆட்டி ஆட்டி எல்லாரையும் திருப்பி வுட்டுகினு இருக்காரு. என்னையும் திரும்பு திரும்புன்னாரு. யோவ் தள்ளுன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டன். அவரு என்னிக்கி சரியாச் சொல்லியிருக்காரு?"

 பந்தலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

மாநிலச் சங்கம் ஒரு அதிகாரியை அனுப்பியிருந்தது. ஒல்லியான அம்மா, கழுத்தில் விசில், கையில் விதிப் புத்தகம். புத்தகத்தைப் பிரித்து இரண்டு விதிகளைக் காட்டினார். பாதையைத் தெரிந்து வைத்திருப்பது போட்டியாளரின் பொறுப்பு என்றது ஒரு விதி. அதன்படி பங்க்கில் திரும்பிய எல்லாரும் அவுட். வழியில் நிற்கும் அலுவலரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது இன்னொன்று. அதன்படி கட்டுப்படாத ஒரே ஆளும் அவுட். ஆக, கோயம்புத்தூர் வரையிலிருந்து ஆள் வரவழைத்து, டெண்ட் போட்டு, பொங்கல் கிண்டி, ஒருவரும் முடிக்காத ஒரு ரேஸை நான் வெற்றிகரமாக நடத்தியிருந்தேன்.

சென்னைப் பெண்ணின் அப்பா எழுந்தார். நல்ல மனிதர்தான், மகளின் காற்றடிக்கும் பம்ப்பைக் காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தார். "வழி காட்டின அந்த மார்ஷல் இவங்க ஹஸ்பெண்டாமே சார். இதுல ஏதோ இருக்கு" என்றார். என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் தலை சுற்றியது. ஒரு புருஷன் மற்ற எல்லாருக்கும் குறுக்கு வழி காட்டிவிட்டு, தன் பெண்டாட்டியை மட்டும் முத்தாண்டிக்குப்பம் வரை மிதிக்க வைத்ததில் என்ன சதி இருக்க முடியும் என்று அவரிடமே கேட்டேன். அவர் பம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வழியைக் காட்டியவர் எங்கள் தொழிற்சங்கக்காரர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இதுல என்னங்க இருக்கு. ஷிஃப்ட்ல முடிக்காத வேலைய ஓ.டி.யில முடிக்கறது இல்லையா? பங்க்குல இருந்து முத்தாண்டிக்குப்பம் போயிட்டு திரும்பி பங்க்குக்கு வரட்டும். அந்த நேரத்த அவங்கவங்க கணக்குல சேத்துக்கங்க. போவாதவன் பேர அடிச்சிடுங்க. ஏற்கனவே போயிட்டு வந்த பொண்ணு கணக்கு அப்படியே இருக்கட்டும்."

அந்த அம்மா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஓவர்டைம் என்று ஒரு விதி எங்கும் இல்லை. கூடாது என்றும் எங்கும் இல்லை. சம்மதித்தார். சாப்பிட்ட வயிற்றைத் தடவிக்கொண்டு எல்லாரும் மறுபடி சைக்கிளை எடுத்தார்கள். சிலர் சைக்கிளைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டதால் முடியாது என்றார்கள், அவர்கள் பெயரை அடித்தோம். மீதிப் பேர் காலை வெயிலில், ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு, ஓ.டி. பார்க்கப் போனார்கள். பங்க்கில் நானே நின்று நேரம் குறித்தேன். பக்கத்தில் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு அவள் கணவன் நின்றான். முகத்தில் இரவுத் தூக்கம் முழுக்கப் பாக்கி இருந்தது.  ஒரே ஒரு தடவை மட்டும், "ஜெயிச்சிடுவால்ல சார்?" என்று கேட்டான்.

சென்னைப் பெண் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனவள். கால் புதுசாக இருந்தது, நன்றாக மிதித்தாள். கூட்டிப் பார்த்தபோது ஆயாம்மாவைவிடக் கொஞ்சம் முந்தியிருந்தாள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. ஷூ கயிறு அவிழ்ந்தால் கட்டுகிற நேரம்தான்.

நியாயமாக நடத்தியதாக நினைத்து நாங்கள் செய்த காரியம் அவள் தலையில் விழுந்தது. நடு ரேஸில் மிதித்தவளும் ஓய்வெடுத்துவிட்டு மிதித்தவளும் ஒன்றா? எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அதிகாரி அம்மாவுக்கும் மனசு சங்கடப்பட்டிருக்க வேண்டும். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் கேட்டார்.

"பங்க்கில் உங்களை யாராவது வண்டியை நிறுத்தச் செய்தார்களா? நிறுத்தியிருந்தால், நின்ற நேரத்தை உங்கள் கணக்கில் கழிக்க விதி இருக்கிறது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

அவள் வாய் திறப்பதற்குள் அவள் கணவன் முன்னால் வந்தான். அத்தனை பேர் நடுவில் அவன் பேசி நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான்தான் நிறுத்தினங்க. ஹேண்டில் பாரப் புடிச்சி நிறுத்திட்டங்க. அவ திட்டினா. நான் வுடல. ரொம்ப நேரம் சண்டங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேலயே இருக்கும். தப்பு என்னுதுதாங்க."

அவ்வளவும் பொய் என்பது அவன் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே யாருக்கும் அதைப் பொய் என்று சொல்ல மனசு வரவில்லை. சென்னைப் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தன் பம்ப்பைப் பார்த்தார், பிறகு, "எங்களுக்கு அப்ஜெக்‌ஷன் இல்ல" என்றார். அவர் மகளும் தலையை ஆட்டினாள். அவளுக்கு இன்னும் எத்தனையோ ரேஸ் இருக்கிறது. அதிகாரி அம்மா பேனாவை எடுத்துவிட்டார். இவள் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், தலையசைத்தால் போதும். மாநில அணி, சர்டிஃபிகேட், ஜூன் மாதம், எல்லாம் அந்தத் தலையசைப்பில் இருந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டு என் தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்லைங்க மேடம். அவரு என்ன நிறுத்தல. நான் நிக்கவே இல்ல. அவரு பொய் சொல்றாரு."

"ஏண்டி," என்றான் அவன், தாழ்ந்த குரலில்.

"நீ சும்மா இரு," என்றாள்.

 அதிகாரி அம்மா சென்னைப் பெண்ணின் பெயரை எழுதினார்.

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. துண்டு போர்த்துகிற கூத்தெல்லாம் முடிந்ததும் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அரிச்சந்திரன் பேத்தியா நீ, யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய், எதிராளியே ஒத்துக்கொண்ட பொய், உன் புருஷன் மானத்தை விட்டுச் சொன்ன பொய், அதை ஏன் இப்படிப் போட்டு உடைத்தாய் என்று கத்தியே விட்டேன். என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாது சார். அவரு பொய்யில நான் வேல வாங்கினா, அப்பறம் ஆயுசு பூரா வூட்ல சொல்லிக்காட்டுவாரு. 'என்னாலதான் உனக்கு வேல கெடச்சிது'ன்னு. அத எவ கேக்கறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கணவன் எதையும் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே சைக்கிளை என்னிடம் தள்ளிவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போனாள். அங்கே அழுதாள். அவன் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றாமலே, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்றான். பக்கத்தில் போகவும் இல்லை, அங்கிருந்து போகவும் இல்லை.

அந்த ரேஸ் எங்களுக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்துவிட்டது. தோற்பேன் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன பெண்ணைப் பற்றி சென்னைப் பெண்ணின் அப்பா எழுதிப் போட்டார், அது பரவியது. நெய்வேலி ரேஸ் என்றால் நியாயமான ரேஸ் என்று பேச்சானது. இந்த வருஷத்துக்கு இப்போதே பேர் கொடுக்கிறார்கள். மாநிலச் சங்கம் இன்னும் பெரிதாக நடத்தச் சொல்கிறது. போகிற இடமெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.

ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்குப் புது பி.டி. மாஸ்டர் வந்தார். தாளாளருக்குத் தூரத்து உறவு. அவரிடம் எந்த அணியின் சர்டிஃபிகேட்டையும் யாரும் கேட்கவில்லை.

விளையாட்டு விழாவுக்குத் தாளாளர் என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார். மறுத்தேன். மகள் படிக்கிற இடம், போய்த்தான் ஆக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். மேடையில் புது மாஸ்டர் மைக்கில் என்னைப் பற்றி வாசித்தார். நேர்மைக்கு இலக்கணமான போட்டியை நம் மண்ணில் நடத்திக் காட்டியவர், வளரும் தலைமுறைக்கு வழிகாட்டி என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். தாளாளர் எழுந்து சால்வைக்குக் கையை நீட்டினார். மேடையின் ஓரத்திலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தாள். பள்ளி கொடுத்த நீலப் புடவை, தட்டில் மடித்த சால்வை, ஒரு எலுமிச்சம்பழம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கீழே பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், என் மகளும் தட்டினாள்.

தாளாளர் போர்த்திய சால்வை ஒரு பக்கமாக வழுக்கியது. அவள் காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் அதை இழுத்து என் தோளில் சரியாகப் போட்டாள்.

"கொஞ்சம் நிமிந்து நில்லுங்க சார், போட்டோ எடுக்கறாங்க," என்றாள்.